தேக்கா மாடித் தையல்கடை அக்காவுக்கு நன்றி

நாடகம் நல்லபடியாக முடிந்தது. நடித்தவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. மேடைக்கு வராத ஒருவருக்கு நன்றி சொல்லத்தான் இந்தப் பதிவு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களை நாஜி ஜெர்மனி வேட்டையாடியதுதான் எங்கள் கதை. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கி 1871-இல் வந்த 175-ஆம் சட்டப்பிரிவை நாஜிகள் 1935-இல் இன்னும் கடுமையாக்கினார்கள். 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அடையாளமாகச் சட்டையில் தலைகீழான இளஞ்சிவப்பு முக்கோணம். போர் முடிந்த பிறகும் நாஜிகள் கடுமையாக்கிய அந்தச் சட்டம் மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அப்படியே இருந்தது. முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் மறுபடியும் சிறைக்குப் பயந்து வாழ்ந்தார்கள். என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

கோடு போட்ட கைதி உடைகள் தைக்கக் கேட்டபோது, “இந்த முக்கோணம் எதுக்கு தம்பி?” என்றார் அக்கா. சொன்னேன். தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடந்த நேரம். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு எங்கள் துணியை எடுத்தார். முக்கோணங்களை மட்டும் மெஷினில் கொடுக்காமல் கையாலேயே தைத்தார். துணிக்காசு போதும் என்றுவிட்டார்.

இங்கே சிங்கப்பூரிலும், அதே உறவைக் குற்றமாக்கி 1938-இல் வந்த 377ஏ சட்டப்பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022-இல்தான் வாக்களித்தது. வீட்டில் இன்னும் வாய் திறக்க முடியாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அன்று பார்க்க வந்திருந்தார்கள். கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அக்காவும் வந்தார்.

ரொம்ப நன்றி அக்கா. அடுத்த நாடகத்துக்கும் உங்களிடம்தான் வருவோம். அப்போது கூலியை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும், சரியா?