கோவளத்துக் கடலில் ஆள் இறக்குகிறவர்களுக்கு ஓர் அரை நீச்சல்காரியின் மடல்

கேரளத்துக் கோவளம், விழிஞ்ஞம் கரையில் ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயுமாக மேலே மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) கூட்டிப் போகும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் மார்த்தாண்டத்துக்காரி. வீட்டில் யாருக்கு லீவு கிடைத்தாலும், மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ விருந்தாளி வந்தாலும், வண்டி களியக்காவிளை தாண்டி உங்கள் கரைக்குத்தான் திரும்பும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆளை இறக்குவதற்கு முன் நீங்கள் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "நீந்தத் தெரியுமா?" அதை முதலில் மாற்றுங்கள். என்னிடம் கேட்டபோது தெரியும் என்றேன். பொய் சொல்லவில்லை. குழித்துறை ஆற்றில் சின்ன வயதில் படித்த நீச்சல். தலையை வாத்து மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, முடி நனையாமல், பத்துப் பதினைந்து கை போட்டால் மறு படிக்கட்டு. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சு விட்டதே கிடையாது. குளத்திலும் ஆற்றிலும் நீச்சல் படித்த எங்கள் பக்கத்துப் பெண்களில் நிறைய பேர் இந்த ரகம்தான். ஆண்களில் பாதிப்பேர் தெரியாவிட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் மச்சினன் நிற்கிறானே. "முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு மூச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான பதில் வரும்.

இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரியில், உங்களில் ஒருவரோடு போனேன். பெயரும் கடையும் வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு பையன். படகு போகும்போதே மாஸ்க்கை மாட்டி, குழாயை வாயில் செருகி, "வாய் வழியா மூச்சு, அவ்வளவுதான்" என்றான். பாறைக்குப் பக்கத்தில் ஆழத்தில் இறக்கினான். என் முன்முடி நாலைந்து இழை மாஸ்க்கின் ரப்பருக்கு அடியில் சிக்கியிருந்திருக்கிறது. அது வழியாகக் கசிந்த தண்ணீர் மூக்கு வரை ஏறியது. நாற்பத்தைந்து வருடமாக மூச்சு இழுத்த மூக்கு, வேண்டாம் என்றால் கேட்குமா? இழுத்தது. லைஃப் ஜாக்கெட் காதுவரை எழும்பி நின்றது, காலுக்கிடையில் போடும் பட்டை அதில் இல்லை. நான் சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைத்துக்கொண்டு அந்தப் பையன் கழுத்தையே கட்டிப் பிடித்தேன். அவன் கையில் கேமரா. "பேடிக்கண்டா சேச்சி, பேடிக்கண்டா" என்றான், பயப்படாதீங்க அக்கா என்று மலையாளத்தில். என் கணவருக்கு மீசை வழியாகத் தண்ணீர் ஏறியது, அது தனிக்கதை.

வெப்ராளம் என்று எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. பயம் என்று சொன்னால் அதில் பாதிதான் வரும். நெஞ்சு பதைத்து, மூச்சு மேலே மேலே வாங்கி, கையும் காலும் தன்பாட்டுக்கு அடிப்பது. அந்த நிலையில் இருப்பவளிடம் பயப்படாதே என்பது, தும்முகிறவளிடம் தும்மாதே என்பதுபோல. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பிறகுதான் தெரிந்துகொண்டேன். குட்டி மூச்சாக விட்டால், நாம் விட்ட காற்று குழாயிலேயே தங்கி, அதையே திரும்ப இழுக்கிறோம். இழுக்க இழுக்கக் காற்று போதவில்லை என்று தோன்றும், தோன்றத் தோன்ற மூச்சு இன்னும் சின்னதாகும். மெல்ல, நீளமாக, கடைசிவரை ஊதி வெளியே விட்டால்தான் புதுக்காற்று உள்ளே வரும். இந்த ஒரு விஷயத்தை யாராவது கரையில் வைத்துச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பையன் கழுத்தை விட்டிருப்பேன்.

மறு வருடம் திரும்பவும் போனேன். மகள் சிரித்தாள், அதற்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை வாய்த்தவர் சிப்பி எடுக்கும் குடும்பத்துக்காரர். அந்தப் பாறைகளில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிப்பியை மூச்சடக்கி மூழ்கிப் பெயர்த்து எடுத்தவர்களின் மகன். "அக்கா, படகை மறந்திடுங்க" என்றார். பாறை மறைப்பில் இடுப்பளவு தண்ணீர். வாரை மாட்டாமல் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சச் சொன்னார். கை எடுத்தாலும் முகத்தில் நின்றால்தான் அந்த மாஸ்க் நமக்கு ஆகும். எனக்கு மூன்றாவதுதான் நின்றது. முடியை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, உள்ளே துப்பித் தேய்த்து அலசச் சொன்னார், கண்ணாடியில் ஆவி படியாதாம். இதற்கு வெளிநாட்டில் புட்டியில் மருந்து விற்கிறார்களாம். துப்பல் போதும்.

பிறகு முழங்காலில் கையூன்றிக் குனிந்து, குழாய் இல்லாமல், முகத்தை மட்டும் நீரில் வைத்துப் பத்து எண்ணினேன். அப்புறம் குழாயோடு இருபது. குழாய்க்குள் அவரே ஒரு கை தண்ணீரை ஊற்றி, "தூ என்று ஊதுங்க" என்றார். ஊதினேன், மேலே பீய்ச்சியது. எனக்குப் பயம் போன இடம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் உள்ளே வந்தாலும் வெளியே தள்ள என்னால் முடியும் என்று என் உடம்புக்கே தெரிந்துபோனது. கடைசியாக ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதக்க விட்டார். உப்புத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரைவிட நம்மை நன்றாகத் தூக்கும், அதை நம்பத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

அதன்பிறகு பாறையோரம் போனோம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட குட்டி மீன்கள் ஒரு கூட்டம், பாறை இடுக்கில் கறுப்பு முள்பந்துகள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று தோன்றியது, தொட முடியவில்லை. நீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாமே கால் பங்கு கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியுமாம். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாறை வயிற்றில் இடிக்கப் போகிறது என்று நான் ஒருமுறை காலை மடக்கினேன்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க் இப்போது உங்களில் சிலரிடம் இருக்கிறது. பயந்தவர்களுக்கு அதுதான் சுலபம் என்று நீட்டுகிறீர்கள். தண்ணீர் புகுந்தால் வாயால் ஊதித் தள்ள வழியில்லை, அவசரத்தில் கழற்றுவதும் லேசில்லை. எனக்கு அது வேண்டாம். ஹவாயில் ஸ்நார்க்கெலிங் மரணங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: குழாய் வழியாகச் சிரமப்பட்டு மூச்சு இழுப்பதாலேயே சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்காமலே. இதயக் கோளாறு இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கூச்சல் இருக்காது, கை வீச்சு இருக்காது, ஆள் சும்மா மிதப்பது போலவே தெரியும். அதனால்தான் கெஞ்சுகிறேன், கேமராவைக் கரையில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மே. கள்ளக்கடல் வருவதும் அதிகமும் அந்த மாதங்களில்தான். தெற்கே வெகுதூரத்துப் புயலில் கிளம்பிய அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். அந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளான உங்களுக்கு இது பழம்பாடம், ஆனால் நீலவானத்தைப் பார்த்து நிற்கும் மதுரைக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது நீங்கள்தான். 2024 மே மாதம், எச்சரிக்கை இருந்த நாட்களில்தான், எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துப் போனது. ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில், முன்பணம் வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

பேச்சைப் பற்றியும் ஒன்று. நாங்கள் மார்த்தாண்டத்துக்காரர்கள், 1956 வரை உங்களோடு ஒரே சமஸ்தானத்திலும் மாநிலத்திலும் இருந்தவர்கள், எங்களுக்கு நீங்கள் பேசுவது புரியும். போன தடவை படகில் வந்த மதுரைக் குடும்பத்திடம் ஒரு தம்பி, "மாஸ்க்கில் வெள்ளம் வந்தால் பேடிக்கண்டா" என்றார். அந்த அம்மா சட்டென்று கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "வெள்ளம் வருதாமா?" என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணிதான் அம்மா என்றேன். நான் இல்லாத படகில் இதை யார் சொல்வது? பத்து வாக்கியம் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

ஆறு பேருக்கு ஒருவர் என்பதை மூன்றாக்கினால் கட்டணம் கூடும் என்று எனக்கும் தெரியும். கூட்டிக்கொள்ளுங்கள். ஆழத்தில் கால் மணி நேரம் குறைந்தாலும் சரி, இடுப்பளவுத் தண்ணீரில் அந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்து விலை சொல்லுங்கள், நான் தருவேன்.

டிசம்பரில் அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா மகளைக் கூட்டி வருகிறேன். பதின்மூன்று வயது, நீச்சல் தெரியாது, தெரியாது என்று தைரியமாகச் சொல்லவும் செய்வாள். கண்ணாடி பவர் மைனஸ் மூன்று. பவர் போட்ட மாஸ்க் உங்களில் யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால் அவரிடமே வருகிறோம்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து
ஓர் அரை நீச்சல்காரி