சொந்தப் பெயர் கொண்ட பிள்ளை

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘அஸ்ட்ரோ பாய்’ கார்ட்டூன் தொடர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த ரோபோ சிறுவனின் ஒரு லட்சம் குதிரைத்திறன், காலிலிருந்து சீறும் ராக்கெட் எல்லாம் விரிவாக வந்திருந்தன. அவனை எதற்காகச் செய்தார்கள் என்பது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிட்டது. எனக்கு அந்தத் தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒசாமு தெசூகா 1952இல் படக்கதையாகத் தொடங்கியது, 1963 ஜனவரி 1 முதல் ஜப்பான் தொலைக்காட்சியில் 193 பகுதிகளாக வந்தது. விபத்தில் மகன் டோபியோவைப் பறிகொடுத்த விஞ்ஞானி தென்மா, அதே முகத்தோடு ஒரு ரோபோ பிள்ளையைச் செய்கிறார். ஆசையாக வளர்க்கிறார். அப்புறம்தான் அவன் உயரவே இல்லை என்பது உறைக்கிறது. இவன் என் மகன் இல்லை என்று சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். பேராசிரியர் ஒச்சானோமிசு அவனை மீட்டு, பள்ளிக்கும் அனுப்புகிறார். மனிதர்களைக் காப்பாற்றிவிட்டு, அவர்களாலேயே ஒதுக்கப்படுவதெல்லாம் பிறகு வருகிறது. முதலில் அவனை வேண்டாம் என்றது அப்பாதான்.

கடலூரில் இருந்துகொண்டு இந்தக் கதையைப் பார்த்தால் சுனாமி நினைவுக்கு வராமல் இருக்காது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். அதில் குழந்தைகள் நிறைய. கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மார்கள் மறுபடி பிள்ளை பெறுவதற்கான அறுவைச் சிகிச்சைக்கு அரசு உதவியது. அப்படிப் பிறந்த சில பிள்ளைகளுக்கு, கடல் கொண்டுபோன பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். மார்க் குறைந்தால் “அண்ணன் எவ்வளவு நல்லாப் படிப்பான் தெரியுமா” என்பார்கள் வீட்டில். “அவனை நான் பார்த்ததே இல்லையே டீச்சர்” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். என்ன பதில் சொல்வது?

தென்மாவைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாது. துக்கம் தாங்காமல் ஒருத்தர் செய்கிற காரியம் அது. ஆனாலும் அதன் வலியைச் சுமப்பது அந்தப் பிள்ளை. இதை இவ்வளவு நேராகக் குழந்தைகளுக்குச் சொன்ன வேறொரு கார்ட்டூனை நான் பார்த்ததில்லை.

கதைப்படி அந்த ரோபோ சிறுவன் பிறந்தது 2003 ஏப்ரல் 7. அந்த வருடம் ஜப்பானின் நீசா நகரம் அவனைத் தன் குடிமகனாகவே பதிவு செய்துகொண்டது. டோபியோ என்றில்லை, ‘ஆட்டம்’ (Atom, அதாவது அணு) என்ற அவனுடைய ஜப்பானியப் பெயரிலேயே. இந்தச் செய்தியையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடுகிறார்கள். இந்தத் தொடரின் முதல் பகுதியைத் தமிழ்க் குரலில் அங்கே போட வேண்டும் என்று உங்கள் இதழ் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற ஊர்களில் பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். சாயங்காலமாக வைத்தால் நல்லது. விடியற்காலையில் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கடலூர் முதுநகர்