மட்டந்தட்டலை அடிமட்டத்தில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள் நாளிதழ்களில் வரும்போது, மட்டந்தட்டல் (ஓர் எண்ணை அதற்குக் கிட்டிய பத்தாகவோ நூறாகவோ எழுதுவது) வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே விளக்கந்தான் தரப்படுகிறது: "5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கூட்டு, குறைவென்றால் கீழே இறக்கு." ரியூட்டரியிலும் வீட்டிலும் இதையே பாடமாக்கச் சொல்கிறார்கள். மூன்றாம், நான்காம் தரப் பிள்ளைக்கு இதை முதலிலேயே கொடுத்தால் என்ன நடக்கும் என்பது கொப்பிகளைப் புரட்டினால் தெரியும்.

43ஐக் கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால் 30 என்று எழுதுகிறார்கள். "கீழே இறக்கு" என்று கேட்ட பிள்ளை 4ஐ 3 ஆக்கிவிடுகிறது. 68ஐ 78 ஆக்குகிறவர்களும் உண்டு. பத்தினிடத்தில் ஒன்றைக் கூட்டியாயிற்று, 8ஐப் பூச்சியமாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 384ஐக் கிட்டிய நூறுக்கு எழுதும்போது கடைசி 4ஐப் பார்த்து 300 என்கிறார்கள். 397ஐக் கிட்டிய பத்துக்கு எழுதும்போதுதான் பெரிய குழப்பம்: 9உம் 1உம் பத்து, அந்தப் பத்தை அப்படியே நடுவில் வைத்து 3100. இவையெல்லாம் கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளைகள்தான் இப்படி எழுதுகிறார்கள். அந்த எண் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

ஆகவே முதற்கேள்வி இதுவாக இருக்கட்டும்: 43 எந்த இரண்டு பத்துகளுக்கு இடையில் இருக்கிறது? 40, 50 என்று பிள்ளை சொன்ன பிறகுதான் எது கிட்ட என்று கேட்க வேண்டும்.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. புத்தகப்பையில் கிடக்கும் 30 செ.மீ. அடிமட்டமே போதும். ஒரு காகிதக் கீற்றை அதன் விளிம்போடு வைத்து, 1 செ.மீ. கோட்டுக்கு நேரே 10, 2 செ.மீ. கோட்டுக்கு நேரே 20 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இனி ஒரு மில்லிமீற்றர் ஒன்று. பென்சில் முனையை 43இல் வைக்கச் சொல்லுங்கள். 40இற்குத் திரும்பிப் போக மூன்று கோடு, 50இற்குப் போக ஏழு கோடு. பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொரு செ.மீ.இன் நடுவிலும் ஐந்தாவது கோடு மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். இங்கே அதுதான் 45. சில நாள் பழகியபின் எண்ணவே தேவைப்படாது. முனை நீளக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே விடை வந்துவிடும். இப்படிப் பழகிய பிள்ளைக்கு 43இற்கு 30 என்று எழுதக் கை வராது, 30 பக்கத்திலேயே இல்லை.

அடுத்ததாக அடிமட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, கொப்பியில் வெறும் கோடு கீறுங்கள். இரண்டு முனைகளையும் முதலில் எழுத வேண்டும், பிறகு நடு, பிறகுதான் எண். 397 என்றால் முனைகள் 390, 400, நடு 395. பிள்ளை தடுக்குவது அனேகமாக அந்த வலது முனையில்தான். 370, 380, 390இற்குப் பிறகு என்ன வரும் என்று தயங்கினால், மட்டந்தட்டலை நிறுத்திவிட்டுப் பத்துப் பத்தாக எண்ணுவதற்குத் திரும்புங்கள். அந்த அடித்தளம் இல்லாமல் மேலே போவது வீண். 4ஐக் கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டினால் 0 என்பதைப் பல பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள், 10 என்றே எழுதுவார்கள். முனைகள் 0உம் 10உம் என்று கீறிக் காட்டினால் தெளிவாகிவிடும்.

நடுவில் நிற்கும் எண்ணைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். மகாவலி கங்கையின் நீளம் 335 கி.மீ. என்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். 330இற்கும் 340இற்கும் அது ஒரே தூரம். மேலே போவதென்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். அதில் ஒரு வசதியும் உண்டு. கிட்டிய நூறுக்கு மட்டந்தட்டும்போது 351 முதல் 399 வரை எல்லாம் 400இற்கே கிட்ட. 350ஐயும் அவற்றோடு சேர்த்துவிட்டால், பத்தினிடத்தில் 5ஐக் கண்டதுமே ஒன்றினிடத்தைப் பார்க்காமல் விடை சொல்லலாம். "5 அல்லது அதற்கு மேல்" என்ற அந்த விதியை இந்த இடத்தில் கொடுங்கள். இப்போது அது பிள்ளைக்கு விளங்கும்.

நூறுக்குப் போகும்போது வரும் இன்னொரு பிழை, படிப்படியாகத் தட்டுவது. 348ஐ முதலில் 350 ஆக்கி, அதைப் பிறகு 400 ஆக்கிவிடுகிறார்கள். 348 என்பது 350இற்கு இந்தப் பக்கம், விடை 300. எப்போதும் முதலில் தந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதியின் நீளம் 321 கி.மீ. கிட்டிய பத்துக்கு 320, கிட்டிய நூறுக்கு 300. ஒரே எண்ணுக்கு இரண்டு விடையும் சரி என்பதை இப்படியான எண்களால் பழக்கலாம்.

பெற்றோர் சிலர் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். 48 × 6ஐப் பெருக்கி 2448 என்று எழுதும் பிள்ளைகள் குறைவல்ல. எட்டாறு 48, நாலாறு 24, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். 50 × 6 = 300 என்று முதலே மனதில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த விடையை எழுதிய கணமே சந்தேகம் வந்திருக்கும். (சரியான விடை 288.) ஆனால் எல்லா இடத்திலும் கிட்டிய பத்து உதவாது. பத்துப் பென்சில் கொண்ட பெட்டிகளாக 43 பிள்ளைகளுக்கு வாங்கப் போனால் நான்கு பெட்டி போதாது. அங்கே கேள்வி கிட்ட எது என்பதல்ல, போதுமா என்பது. இரண்டையும் கலந்து கேட்டுப் பழக்க வேண்டும்.

வினாத்தாள் வெளியிடுவோரிடம் இரண்டு வேண்டுகோள். மட்டந்தட்டல் வினாவின் பக்கத்தில் பத்துப் பிரிவுள்ள எண்கோடு ஒன்றை முனைகளில் எண் போடாமல் அச்சிடுங்கள். பிள்ளை அதை நிரப்பட்டும். அத்துடன், தலைகீழாகவும் ஒரு வினா கேளுங்கள்: கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டினால் 60 வரும் முழுஎண்கள் எவை? 55 முதல் 64 வரை பத்து எண்களையும் எழுதும் பிள்ளைக்கு இந்தப் பாடம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். 56இல் தொடங்கினாலோ 65ஐச் சேர்த்தாலோ, எண்கோட்டின் நடுக் கோட்டில் இன்னும் வேலை இருக்கிறது.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.