செயலாளரின் ஆண்டறிக்கை: பிரஷர் மெஷின் வாங்கிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரை எமது சனசமூக நிலையத்தின் செயற்பாடுகளைச் சபையின் முன் வைக்கிறேன். வராதவர்களின் வீடுகளுக்கும் பிரதி அனுப்பப்படும். வாசிப்பார்களா என்பது வேறு விடயம்.

நிருவாக சபைக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு முறை அறிவித்தல் கொடுக்கப்பட்டது. ஏழு முறைதான் கூட்டம் நடந்தது. மற்ற ஐந்து முறையும் தலைவரும் நானும் பத்திரிகை வாசித்துவிட்டு வீடு திரும்பினோம். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்கினோம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் தலையணைச் சண்டைக்குக் கட்டிய மரம் முறிந்தது, எவருக்கும் காயமில்லை. வாணி விழா வழமைபோல் நடைபெற்றது. மாரி மழைக்கு வாசிகசாலைக் கூரை ஒழுகியதால் ஓடுகள் மாற்றப்பட்டன.

இனி, சிலர் தெருவில் நின்று கேட்டும் சபைக்கு வந்து கேட்காத பிரஷர் மெஷின், அதாவது இரத்த அழுத்தம் அளக்கும் கருவி, பற்றிய விடயம்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, வாசிகசாலை விறாந்தையில் கரம் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. எமது மூத்த அங்கத்தவர் ஒருவர் சிவப்புக் காயை விழுத்திவிட்டார். அடுத்த காயையும் விழுத்த வேண்டும். ஸ்ட்ரைக்கர் வலது கை விரலிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் நழுவியது. பதற்றம் என்று நினைத்துச் சிரித்தோம். அவரும் சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும்தான் சிரித்தது.

வெயில் என்றார் ஒருவர். வாய்வு என்றார் இன்னொருவர். சோடா வாங்கிவர ஆள் அனுப்பியவன் நான். அதை நான் ஒளிக்கவில்லை. அந்தச் சோடா அவருக்குப் புரையேறியது. பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்தவருக்கு விழுங்குவதே தடுமாறலாம், வைத்தியர் பார்க்கும்வரை வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது. வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். விடிந்த பிறகுதான் வைத்தியசாலை.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை இரத்தக் கட்டி அடைத்திருந்தது. பாரிசவாதங்களில் பெரும்பாலானவை இப்படி அடைப்பினால் வருபவை. மிகுதி, குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. எது என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், அதுவும் பொருத்தமானவருக்கு மட்டுமே போடுவார்கள். நாங்கள் ஓர் இரவு முழுவதையும் போக்கியிருந்தோம். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவருக்குப் பத்து நிமிடம் பேச்சுக் குழறிப் பின் மாறியிருக்கிறது. மாறிவிட்டதே என்று விட்டுவிட்டார்கள். மாறினாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும்.

அப்போது எமது சுவரில் மூன்று நாட்காட்டிகள் தொங்கின. மூன்றிலும் அரசியல்வாதிகளின் சிரிப்பு இருந்தது. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் எதிலும் இல்லை. இப்போது சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: முகம் கோணுகிறதா, தூக்கிய கை தாழ்கிறதா, பேச்சுக் குழறுகிறதா, நேரத்தைப் பார், 1990 ஐ அழை. எழுத்து அழகில்லை என்று ஒரு முறைப்பாடு கிடைத்தது.

இன்னொருவருக்கு இப்படி வராமல் பார்க்கத்தான் மெஷின். அது ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் வாங்கப்பட்டது. சபையைக் கேட்காமல் வாங்கினேன் என்பது குற்றச்சாட்டு. கேட்பதற்குச் சபை கூடவில்லை என்பது என் பதில். கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது வரவேண்டியவர்கள், ஏழு. அன்று வந்தவர்கள் நால்வர். கூட்டறிக்கைப் புத்தகத்தில் நால்வரின் கையொப்பமும் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாததால் இவ்வருடம் எவரும் குறைந்துபோகவில்லை என்பதையும் பணிவுடன் சொல்லிவைக்கிறேன்.

ஞாயிறு தோறும் காலை ஆறரை மணி முதல் அளந்தோம். எமது அங்கத்தவரான ஓய்வுபெற்ற தாதி அம்மா முறையைச் சொல்லித்தந்தார்: ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து இருக்க வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் இருக்க வேண்டும், அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேநீரோ சிகரெட்டோ கூடாது. முதல் ஞாயிறு ஒருவர் மீன் பையோடு சந்தையிலிருந்து நேராக வந்து கையை நீட்டினார். மேல் அளவு 172. மெஷின் பிழை என்றார். இருத்தி வைத்து மீண்டும் அளந்தோம். 158. மெஷின் திருந்துகிறது என்றார். அடுத்த மூன்று ஞாயிறும் 150 ஐ விட்டு இறங்கவில்லை. இப்போது கிளினிக் கொப்பியோடு திரிகிறார். 140 க்கு 90 என்ற அளவைத் திரும்பத் திரும்பத் தாண்டுபவரை வைத்தியரிடம் அனுப்புவது மட்டுமே எங்கள் வேலை. மருந்து சொல்வதில்லை.

பிரஷர் கூடினால் தலையிடிக்கும், தானாகத் தெரிந்துவிடும் என்பது எங்கள் பகுதியின் அசையாத நம்பிக்கை. பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பாரிசவாதத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் காரணங்களில் முதலாவது பிரஷர்தான். அதோடு சலரோகம், கொலஸ்ட்ரோல், சிகரெட், மதுபானம், உடற்பருமன் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு கூட்டமும் உண்டு: குளிசை குடித்து அளவு இறங்கியதும், சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்தியவர்கள். இறங்கியதே குளிசையால்தான் என்பதை விளக்க எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. தாதி அம்மா நாடி பார்க்கும்போது ஒருவருடைய துடிப்புத் தாளம் தப்பி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இதயத்தின் மேலறை ஒழுங்கின்றித் துடித்தால் அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைக்கக்கூடும். ஈசிஜி எடுக்க அனுப்பினோம். இப்போது மருந்தில் இருக்கிறார். சபையில் மெஷினை எதிர்த்தவரும் அவர்தான்.

என் அளவு 152 க்கு 96. இதையும் ஒளிக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு இறங்கிய பிறகும் உப்புத் தூவிச் சாப்பிடும் வீடு என் வீடு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுத்த ஊருக்கே உப்புவெளி என்று பெயர் வைத்துக்கொண்டு இருக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் கடினம்தான். கருவாடு, அச்சாறு, பக்கற் நூடில்ஸ், மிக்சர் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. வீட்டில் இப்போது கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுகிறார்கள். சுவை போய்விட்டது, ஆனாலும் நான் முறையிடவில்லை.

வாரத்துக்கு 150 நிமிட நடைக்காகத் திருகோணமலைப் பின் வளைகுடாக் கடற்கரையில் நடைக்குழு ஒன்றும் தொடங்கினோம். முதல் நாள் பத்தொன்பது பேர். நடந்து முடித்துத் தேநீர்க் கடையில் உழுந்து வடையும் சீனி போட்ட பால் தேநீருமாக இருந்து பேசினோம். நடந்த பலன் அங்கேயே முடிந்தது. கச்சான் காற்று தொடங்க ஒன்பது பேர், மழை தொடங்க நால்வர். கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும் தவறாமல் வருகின்றன.

கரம் ஆடிய அங்கத்தவர் ஊன்றுகோலுடன் மாலையில் வருகிறார். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது கையால் ஆடப் பழகிக்கொண்டார். சென்ற மாதம் என்னை இரண்டு ஆட்டத்தில் தோற்கடித்தார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரவு எதிர்பார்த்ததிலும் குறைவு, செலவு எதிர்பார்த்ததிலும் சற்றுக் கூடுதல். கூரை, பூசை, மின்கட்டணம், சில்லறைச் செலவு ஆகியவை அதற்குள் அடங்கும். மெஷினுக்கான பற்றுச்சீட்டு கோவையில் இருக்கிறது. பற்றரி என் கைப்பணத்தில் வாங்கியது. மாதச் சந்தா 100 ரூபாய், அதாவது இரண்டு வடைக்குக்கூடக் காணாது. 84 அங்கத்தவர்களில் 31 பேர் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

தலைவருக்கும் போசகருக்கும் நிருவாக சபையினருக்கும், சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள் தந்த பொதுச் சுகாதார பரிசோதகருக்கும், பாய் தந்த வீட்டாருக்கும், தேநீர் ஊற்றிய இளைஞர்களுக்கும் நன்றி. தாதி அம்மாவுக்கு நன்றி சொல்லி முடியாது.

வரும் வருடம் செயலாளர் பதவிக்கு என்னைப் பிரேரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் பிரஷர் இருக்கிறது. ஆனால் ஞாயிறு காலையில் கதவு திறக்க ஓர் ஆள் வேண்டும், மெஷினின் கைப்பட்டி தேய்ந்துவிட்டது, புதியது வாங்கப் பணம் வேண்டும். இரண்டுக்கும் சபை ஒரு வழி சொன்னால், என் வேண்டுகோளை மீளப்பெறுவது பற்றி யோசிக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் தரப்படும். மெஷின் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீர் குடிக்க முன்னர் அளந்துகொள்ளவும். சந்தாப் புத்தகமும் அதே மேசையில்தான்.

இங்ஙனம்,
செயலாளர்