ஒப்பிட்டது படங்களை அல்ல, பிரதிகளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சினிமாப் பக்கத்தில் 'மலைக்கள்ளன்' படத்தையும் இந்தி 'ஆசாத்' படத்தையும் அக்கம்பக்கமாக வைத்து உங்கள் விமர்சகர் எழுதியிருந்தார். தமிழில் காட்சிகள் தாவுகின்றன, முகங்கள் உப்பியிருக்கின்றன, பாட்டுக் குரல் கீச்சிடுகிறது, ராத்திரிக் காட்சிகள் ஒரே கறுப்பு. இந்தியோ வழவழவென்று ஓடுகிறது என்கிறார். போதாததற்கு, கோவைத் தொழில்நுட்பக்காரர்கள் இந்திப் படத்தைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று ஒரு வரி.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நாமக்கல் கவிஞரின் நாவலைக் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் தமிழில் எடுத்தார். அதே நாயுடுதான் மறு வருடம், 1955-இல், திலீப்குமாரையும் மீனாகுமாரியையும் வைத்து இந்தியில் இயக்கினார். யாரைப் பார்த்து யார் கற்றது?

இரண்டையும் கைப்பேசியில் பார்த்ததாக அவரே எழுதுகிறார். வினை அங்கேதான். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகாமல் போட்டோவைப் பார்த்துக் காளைக்கு விலை சொன்ன கதைதான் இது.

காட்சி தாவுவதை எடுத்துக்கொள்வோம். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 கட்டம் (ஃபிரேம்), விநாடிக்கு 24 கட்டம்; நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் அடிபடும்: புரொஜெக்டரில் மாட்டும்போது கைபடுவதும், தரையில் புரண்டு தூசி ஏறுவதும், ஓடி முடிந்ததும் படபடவென்று அடித்துக்கொள்வதும் அந்த முனைகளே. ஒரே புரொஜெக்டரை வைத்துக்கொண்டு படத்துக்கு மூன்று இடைவேளை விட்ட டூரிங் டாக்கீஸ்களில் இன்னும் மோசம். அறுந்தால் ஆபரேட்டர் பிய்ந்த ஓரத்தைக் கட்டக் கோட்டோடு நறுக்கி, மேல்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி அழுத்தி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு கட்டமாவது போகும். பிலிம் ஓரத்தில் கட்டத்துக்கு நான்கு ஓட்டை. ஒரு ஓட்டை தள்ளி ஒட்டிவிட்டால் நாயகனின் கால் மேலேயும் தலை கீழேயும் வந்து நிற்கும்.

இதில் ஒலிக்கு வேறு கணக்கு. புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் படத்தின் மேல் ஒளி பாயும் சட்டத்துக்குக் கீழே, 20 கட்டம் தள்ளி இருக்கிறது. அதனால் ஒட்டு வரும்போது முதலில் படம் தாவும்; முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்த பிறகே வசனத்தில் ஒரு எழுத்து விழுங்கப்படும். எடிட்டர் வெட்டியிருந்தால் இந்த இடைவெளி இருக்காது. விமர்சகர் மறுபடி பார்க்கும்போது கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். தாவல்கள் ஏறக்குறைய 10, 11 நிமிடத்துக்கு ஒருமுறை குவிந்து வந்தால் அது ரீல் முனை தேய்ந்த பிரிண்ட் (தியேட்டரில் ஓடிய பிரதி). எடிட்டரை வையக் காரணமில்லை.

முகம் உப்புவது இதைவிட எளிது. அன்றைய படங்களின் அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்குதான். அதை இன்றைய 16:9 திரை நிறைய இழுத்தால் எல்லாரும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள்; கதாநாயகி பானுமதி அம்மாள் என்ன செய்வார்? பக்கவாட்டில் ஓடும் வண்டிச் சக்கரம் ஏதாவது வரும்போது நிறுத்திப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் படுத்த முட்டையாக இருந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள். இழுக்காமல் நிரப்ப வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டியிருந்தால், உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காணாமல் போயிருக்கும்.

கீச்சுக் குரலுக்குக் காரணம், விநாடிக்கு 24 கட்டமாக எடுத்த படத்தை டி.வி. வசதிக்காக 25-ஆக ஓட்டிப் பதிவது. ஐந்து நிமிடப் பாட்டு 12 விநாடி முந்தி முடியும், சுருதியும் காதுக்குத் தெரியும் அளவுக்கு ஏறிவிடும். சுருதியும் சேர்ந்து இறங்கும்படி வேகத்தை 0.96-க்குக் குறைத்துக் கேட்டால் டி.எம். சௌந்தரராஜன் பழையபடி டி.எம்.எஸ். ஆகிவிடுவார். ராத்திரிக் கறுப்பும் அப்படித்தான். நெகட்டிவ் கிடைக்காமல் பிரிண்டிலிருந்தே பிரதி எடுக்க எடுக்க நிழலில் உள்ள விவரம் அடைத்துப்போகும்.

ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே கதை, ஒரே இயக்குநர். இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. மு. கருணாநிதியின் வசனத்தில் எம்.ஜி.ஆர். ஏழைகளின் காவலராக நிமிர்ந்து நிற்கிறார். சோக வேஷங்களில் பேர் வாங்கிய திலீப்குமாரோ இந்தியில் மாறுவேஷத்தை விளையாட்டாகச் செய்கிறார். சி. ராமச்சந்திராவின் பாட்டுகள் இந்திக்குப் பெரிய பலம், அதில் விமர்சகரோடு எனக்குச் சண்டையில்லை. அதையெல்லாம் எழுதியிருந்தால் வாசகர்களுக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

தமிழ்ப் படங்களுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை 1954-ஆம் ஆண்டுக்கு வாங்கியது இந்த 'மலைக்கள்ளன்'தான். ஆகவே "இந்திப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம்" என்ற அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
தியேட்டர் ஆபரேட்டர் (ஓய்வு),
கோபிசெட்டிபாளையம்