தெற்கு வேலி

உரும்பிராய்
02.02.2025

அன்புத் தோழிக்கு,

வைபரில் கதைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். வைபரில் கதைப்பதென்றால் இந்த வீட்டில் எல்லோரும் கூடித்தான் கதைக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மகள் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம், நடுவில் நான். எனக்குச் சொல்ல இருப்பதோ மருமகனைப் பற்றிய சங்கதி. பயப்படாதே, மனுசன் தங்கமானவர். வேலி விசயத்தில் மட்டும்தான் எங்களுக்குள் சரிவரவில்லை.

முதலில் உன் கறிவேப்பிலைக்குப் பதில். இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது என்று நீ தினமும் தண்ணீர் ஊற்றுகிறாய் போலிருக்கிறது. குளிருக்கு அது உறங்கும், விட்டுவிடு. மேல் மண் காய்ந்த பிறகு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு ஊற்றினால் போதும். வாளியோடு நின்றால் வேர் அழுகிவிடும். வெயில் வந்து வெளியில் வைக்கும்போது நுனியைக் கிள்ளிவிடு, பக்கத்தால் கிளைக்கும்.

பனி பனி என்று எழுதுகிறாய். இங்கேயும் பனிதான். விடிய ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போனால் வாழை இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. என் வீட்டுக்காரர் மப்ளரால் காதைச் சுற்றிக்கொண்டுதான் பேப்பர் எடுக்கப் படலையடிக்குப் போகிறார். 22 பாகைக்கு மப்ளர்! ஸ்காபரோவில் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிற உனக்குச் சிரிப்பு வரும். சிரி.

போன கிழமை பனங்கிழங்குப் பாத்தி கிண்டினோம். புரட்டாதியில் பேரனும் நானுமாய் அடுக்கிய கொட்டைகள். உன் வளவுப் பனையின் பழங்கள்தான், கேட்காமல் பொறுக்கினோம், கோபிக்காதே. கிழங்கு இழுக்கிற நாள் இந்த வீட்டில் திருவிழா மாதிரி. பெடியன் ஒன்றை இழுத்துப் பாதியில் முறித்துவிட்டு அழுத அழுகை! பச்சைக் கிழங்கைக் கிழித்துக் கூரைத் தகரத்தில் ஒடியலுக்குப் போட்டிருக்கிறேன். மிச்சத்தை அவித்து, தும்பு வார்ந்து, உள்ளியும் மிளகும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு உரலில் இடித்து உருண்டை பிடித்தேன். மிக்சியில் அடித்தால் பசைபோல வருகிறது, எனக்கு ஆகாது. மகள் என்னவோ மிக்சிதான் சுகம் என்கிறாள். நான் இடிக்க அவள் தின்றாள்.

சரி, வேலிக்கு வருகிறேன்.

போன வைகாசியில் மேற்குப் பக்கத்துக்கு மதில் கட்டியாயிற்று. ஒழுங்கைப் பக்கம், மாடு ஆடு வருகிறது, சரி என்று நானும் ஒத்துக்கொண்டேன். வேலியாய் நின்ற கிளுவைகளைத் தறித்துக் குவித்தபோது முழுக் குழையையும் கத்தரிப் பாத்திக்குத் தாட்டேன். மதில் இருந்தால் சோளகக் காற்றுக்கு வாழை விழாது என்று மருமகன் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. மாமியார் மருமகனோடு நேரே நின்று தர்க்கம் பண்ணுகிற வழக்கம் எங்கள் வீட்டில் எப்போது இருந்தது? நான் மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் சொல்லுவாள், அவர் சொன்னதை மகள் திருப்பிக் கொண்டுவருவாள். மூன்று பேரும் இருப்பது ஒரே விறாந்தையில்தான்!

ஆனியில் சோளகம் சரியாக எழும்பியது. வேலி என்றால் காற்றைச் சல்லடை மாதிரி வடித்து விடும். மதிலில் அடித்த காற்று மேலே ஏறி உள்ளே குதித்தது. முண்டு கொடுத்திருந்தும் இரண்டு கதலி குலையோடு சாய்ந்தன. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சிப் பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்திக்கொண்டிருந்தபோது, "அம்மா, வாழை ஏன் விழுந்ததாம் என்று அவர் கேட்கிறார்" என்று மகள் வந்தாள். "வாழையிடம் கேட்கச் சொல்லு" என்றேன். உள்ளே வீட்டுக்காரர் சிரித்த சத்தம் கேட்டது.

எங்கள் ஆடியில் தோட்டம் இருக்கிற இருப்பு உனக்குத் தெரியும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் நம் செம்பாட்டு மண்ணை ஆடியில் பார்த்திருக்க மாட்டார். காற்றுக்கு மண் செம்புழுதியாய்ப் பறந்து கொடியில் காயப்போட்ட வேட்டி காவியாகிறது. விடியவும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் இறைத்தால்தான் பயற்றையும் புடோலும் தலை தூக்கும். நமக்கு விதைப்பென்றால் புரட்டாதி கடைசி, ஐப்பசி. அதற்காகத்தான் வருசம் முழுக்கக் காத்திருக்கிறோம். ஆறா இருக்கிறது நமக்கு? வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுகிற ஆறு. பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் படலமாய் மிதக்கிறது, அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் கத்தரிக்கும் ஊற்றுகிறோம். அளவுக்கு மிஞ்சி மோட்டார் போட்டு இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே வரும். உன் ஐயா துலாவில் இறைத்த காலத்தில் கிணறு தானே அளவு சொன்னது. இப்போது சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோகிறோம், நானும்தான்.

ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் தெற்கு வேலியிலேயே காய்த்தது. சந்தையில் அந்த ஒரு நாளைக்கு அதற்கு வருகிற மவுசைப் பார்த்திருக்கிறாய்தானே. மற்ற நாளில் சும்மா கொடுத்தாலும் ஒருவரும் தொட மாட்டார்கள், அந்தக் கசப்பு. கொக்கத்தடியால் இழுத்துப் பதினைந்து காய் பிடுங்கினேன், முள் கையைக் கீறிவிட்டது. அப்பாவுக்குப் படைக்கும்போது, இந்தக் கொடியை வேலியில் ஏற விட்டவரே அவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். மருமகனும் தகப்பன் இல்லாதவர், அவரும் விரதம். இரண்டாம் முறை அந்தக் கறியைக் கேட்டு வாங்கினார். அது எந்த வேலியில் காய்த்தது என்று நான் சொல்லவில்லை. மகள் சொல்லியிருப்பாள்.

பிறகு மாரி வந்தது. கார்த்திகையில் பெங்கல் புயல் நேரம் நீ போன் எடுத்தாய், லைன் வெட்டி வெட்டி வந்தது. அன்றைக்கு நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நவம்பர் கடைசியில் இரவு பகலாய்க் கொட்டியது. வளவின் சரிவு மேற்கே என்று உனக்குத் தெரியும். முன்பெல்லாம் வெள்ளம் வேலிக்குள்ளால் வடிந்து ஒழுங்கைக்குப் போய்விடும். மேசன் மதிலில் தண்ணீர் போக ஒரு கண்கூட விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தண்ணீர் வந்து மதிலில் முட்டி நின்றது. முதல்நாள் கணுக்கால், மறுநாள் முழங்கால். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு மருமகன் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கோடு இறங்கினார். பேரன் குடை பிடித்துக்கொண்டு டோர்ச் அடித்தான். டோர்ச் வெளிச்சம் எப்போதும் தவளையின் மேல்தான் விழுந்தது, அவர் இருட்டிலேயே இடித்தார். தான் காசு கொடுத்துக் கட்டின மதிலை அந்த மனுசன் மழைக்குள் நின்று இடிப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்லு ஒன்று கழன்றதும் தண்ணீர் போன சத்தத்தில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் குரைத்தன.

ஆறு பப்பாசியும் போய்விட்டன. பப்பாசிக்கு வேரடியில் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே காணும். இலை தொங்கி, தண்டு மெத்தென்று ஆகி, காயோடு சரிந்தன. நனைந்துபோய் உள்ளே வந்தவருக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். "நான் அப்பவே நினைச்சேனே" என்று நான் சொல்லவில்லை. போன வருசம் நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு, தைப்பொங்கல் கழிந்த கையோடு, தெற்குப் பக்கமும் மதில் கட்டலாம் என்று கதை தொடங்கியிருக்கிறது. இந்த முறை கண் விட்டுக் கட்டுவாராம்.

தெற்கு என்றால் உன் வளவு. நாம் நுழைந்து போய்வந்த இடைவெளி, நம் பொட்டு, இருக்கிற வேலி.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஒளிக்கக் கூடாது. உன் வளவு இரண்டரைப் பரப்பும் பற்றையாகிவிட்டது. போன மாசம் சாரை ஒன்று வேலியால் வந்து கோழிக்கூட்டடியில் கிடந்தது. வேலி அடைக்க முந்தி மாதிரி ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு நாள் கூலியும் இரண்டு நேரச் சாப்பாடும் கொடுத்து, வந்த ஆள் போனில் கதைத்து முடியும்வரை கத்தியோடு நாம் காத்து நிற்க வேண்டும். பொங்கலுக்குப் பேரன் ஏற்றிய பட்டம் வாடைக்கு அறுந்து அந்தப் பூவரசிலேயே மாட்டியது, அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆனால் அந்த வேலியில் இருப்பதை நான் எப்படி விளங்கப்படுத்துவது? இந்தக் கிழமை மூன்று தரம் முசுட்டை பிடுங்கினேன். மழைக்குப் பிறகு வந்த தளிர், விரலால் நுள்ளினாலே முறியும். இலையை அடுக்கிச் சுருட்டி நூல் மாதிரி அரிந்து, சின்ன வெங்காயம், செத்தல், தேங்காய்ப்பூ போட்டு ஒரு பிரட்டு. இறக்கிவிட்டுத் தேசிக்காய்ப்புளி. இதை எந்தக் கடையில் வாங்குவது? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது பூவரசங்குழை கேட்டு எத்தனை பேர் படலையடியில் நின்றார்கள்! மறுவருசம் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை, அரசாங்க உத்தியோகத்தருக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? மருமகன் அப்போதுதான் முதல்முதல் மண்வெட்டி பிடித்தார். வெண்டி போட்டார். அந்த வெண்டிக்கு உரம் எங்கிருந்து போனது? தெற்கு வேலியிலிருந்து. ஒரு வெண்டிக்காயைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு படம்கூட எடுத்தார்.

பொட்டைப் பற்றி நான் அவர்களுக்கு அதிகம் சொல்லவில்லை. இரண்டு கிளுவைக்கு நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். சட்டை கிழியாமல் போக நீதான் பழகினாய், எனக்குக் கடைசிவரை வரவில்லை. உன் அம்மா கறிச்சட்டி நீட்டியதும், ஜாம் போத்தல் விளக்கு ஒன்றை நடுவில் வைத்து நாம் சோதனைக்குப் படித்துவிட்டு அதற்குள்ளால் வீட்டுக்குப் போனதும், யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு உன் ஐயா அந்தப் பொட்டுக்குள் தலையை நீட்டி, "வெளிக்கிடுங்கோ, சனம் எல்லாம் போகுது" என்று சொன்னதும் அங்கேதான். மறுவருசம் நாங்கள் திரும்பி வந்தபோது வேலிக்கு ஊன்றிய கதியாலெல்லாம் மரமாகி, முசுட்டை மூடி, பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. நீங்கள் வரவில்லை. அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய் முதலில் வெட்டித் திறந்தது அதைத்தான். வீட்டுக் கூரையில் ஓடு இல்லை, கிணறு இறைக்கவில்லை, அதற்கு முதல் அது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அதற்குள்ளால் போய் வருவது பேரன் ஒருத்தன்தான். அவனுக்கும் சட்டை கிழிகிறது.

அதனால் உன்னிடம் ஒரு காரியம். எங்கள் காணி உறுதியில் வடக்கு வேலியும் மேற்கு வேலியும் எங்கள் பங்கு என்று எழுதியிருக்கிறது. தெற்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அது உங்கள் உறுதியில்தான் இருக்க வேண்டும். "அந்த வேலி அவவின்ர பங்கு, அவவின்ர சம்மதம் இல்லாமல் ஒரு கதியாலையும் அசைக்கேலாது" என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். மகள் அவரிடம் சொல்லிவிட்டாள். "சரி, எழுதிக் கேளுங்கோ" என்று வந்திருக்கிறது. கேட்டாயிற்று.

உன் தம்பியிடமோ தங்கச்சியிடமோ உறுதி இருந்தால் தேடிப் பார். நன்றாய்த் தேடு, ஆறுதலாய்த் தேடு. பழைய பெட்டிகள் எல்லாம் கிண்ட வேண்டியிருக்கும், காலம் எடுக்கும்தானே. போனில் சொல்லாதே, கடிதமாகவே எழுது. ஐப்பசி மழைக்கு நான் புதுக் கதியால் ஊன்றி முடித்த பிறகு உன் பதில் வந்தால்கூட எனக்குக் குறையில்லை.

பங்குனியில் என் மச்சாள் ரொறொன்ரோ வருகிறாள். அவளிடம் ஒடியலும் புழுக்கொடியலும் கொடுத்துவிடுகிறேன். எல்லாம் உன் பனைதான்.

இப்படிக்கு,
உன் பழைய அயலட்டம்