ஆய்வரங்கிற்கு முன் ஓர் ஒத்திகை

ஆசிரியருக்கு,

யாழ். பல்கலைக்கழக ஆய்வரங்கு பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, வாசிக்கப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையையே முதன்மைப்படுத்தியது. இளம் ஆய்வாளர் தாம் கண்டறிந்ததைச் சபைக்கு விளங்கச் சொன்னாரா என்பதே முக்கியம். இத்தகைய அரங்குகளில் ஒருவருக்குத் தரப்படும் 15 நிமிடத்தில் 10 நிமிடம் முன்னுரையிலேயே கரைந்துவிடுகிறது. குடாநாட்டுக் கிணற்று நீரில் உரம், கழிவு ஆகியவற்றிலிருந்து கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பின் அளவுகள், பின்வரிசைக்குத் தெரியாத சிற்றெழுத்து அட்டவணையாகத் திரையில் வரும்போது தலைவர் மணியடிக்கிறார். கேள்விக்கு நேரமே இல்லை. எங்கள் மண்ணின் குடிநீர் பற்றிய தரவு இப்படி வீணாகலாமா?

துறைகள் ஒரு வாரம் முன்னதாகவே ஒத்திகை வைக்க வேண்டும். பேச்சுக்கு 12 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம். முக்கிய முடிவு இரண்டாவது சிலைட்டிலேயே வரட்டும். கேட்போரில் பாதிப்பேர் வேறு துறையினராக இருப்பது நல்லது. புலமைப்பரிசில், வேலை நேர்முகங்களிலும் பிள்ளைகள் அத்தகையோருக்கே விளக்க வேண்டியிருக்கும்.

ஓய்வுநிலை விரிவுரையாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.